தராதரமும் தராசும்: மலையக மாணவரின் விடைத்தாளை முன்வைத்துச் சில திறனாய்வுக் குறிப்புகள்

1

இலக்கியத் திறனாய்வு என்றதும் நூல்களும் மதிப்புரைகளும் ஆய்வரங்குகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நம்மிடையே மிகப் பரவலாக நிகழும் திறனாய்வு யாது என வினவின், அது பரீட்சை விடைத்தாளை மதிப்பிடுதலே எனத் தயக்கமின்றிக் கூறலாம். ஒவ்வோராண்டும் தமிழ்த்துறைகளைச் சேர்ந்த நாம் கட்டுக்கட்டாக விடைத்தாள்களைப் படிக்கின்றோம். நடை பற்றியும், கருத்துத் தெளிவு பற்றியும், எடுத்துக்காட்டின் பொருத்தம் பற்றியும் தீர்ப்பு வழங்குகின்றோம். நூலொன்றைப் பற்றி நாம் எழுதும் விமரிசனத்தை அந்நூலாசிரியர் மறுத்துரைக்கலாம். மறுப்புக்கு மறுப்பும் எழலாம். விடைத்தாளை எழுதியவரோ இறுதியில் ஓர் எண்ணை, அல்லது ஓர் எழுத்தை மாத்திரமே காண்கின்றார். அந்த எண் எவ்வாறு பிறந்தது என்பதை அவர் அறிவதில்லை. திறனாய்வாளன் தன் அளவுகோலை வெளிப்படுத்த வேண்டும் என்று ஓயாது வற்புறுத்தி வந்த நாம், நமது மிகப் பெரிய திறனாய்வுப் பணியில் அக்கோட்பாட்டை எந்த அளவுக்குப் பின்பற்றுகின்றோம்?

இவ்வினாவைப் பொதுவாக எழுப்புவதைவிட, குறிப்பிட்டதொரு சமூகத்தை மையமாகக் கொண்டு எழுப்புவது பயன் தருவதாகும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் தொகை இன்று பெருகியுள்ளது. லயத்தில் பிறந்து விரிவுரை மண்டபத்துக்கு வந்த முதல் தலைமுறையினர் அவருட் பலர். அவர்களின் விடைத்தாள்களை எந்த அளவுகோல் கொண்டு அளக்கின்றோம், அவ்வளவுகோல் யாருடைய வரலாற்றிலிருந்து வந்தது என்பனவே இக்கட்டுரையின் பிரச்சினைகளாகும்.

2

அளக்கப்படுதல் என்பது மலையக மக்களுக்குப் புதிய அனுபவமன்று. அவர்களின் நாட்கூலியே தராசில் தொங்கியது. கொழுந்து மடுவத்தில் கூடை நிறுக்கப்படும்போது, தோட்டம் விதித்த அளவு எட்டப்பட்டிருப்பின் அன்றைக்குப் 'பேர்' விழும், எட்டப்படாவிடின் 'அரைப்பேர்'. ஒரு நாள் முழுவதும் மலையில் நின்றவள் பாதி மனுஷியாகப் பதியப்படுகின்றாள். அதற்கு மேலும், கூடையின் பாரத்துக்கென்றும் இலையிலுள்ள ஈரத்துக்கென்றும் சில கிலோக்கள் 'கழிவு' ஆகக் குறைக்கப்படுவதுண்டு. தராசைப் பிடிப்பவர், ஏட்டில் எழுதுபவர், கழிவைத் தீர்மானிப்பவர் ஆகிய எவரும் கொழுந்து பறிப்பவர் அல்லர்.

மலையக இலக்கியம் இத்தராசை மறந்ததில்லை. 1980 இல் தொகுப்பாக வெளிவந்த என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் கதை, இளம்பெண்ணொருத்தி பறித்த கொழுந்தின் அளவு பற்றி எழும் ஐயத்தையே முடிச்சாகக் கொண்டது. மேலோட்டமாக நோக்குவோர் அதனை ஒரு காதற்கதை எனலாம். ஆனால் அக்கதையின் வலிமை வேறிடத்தில் உள்ளது. உழைப்பாளியின் திறமையைக் காணும்போது அதை நம்புவதற்குப் பதிலாக அதன் நேர்மையைச் சந்தேகிக்கும் மனப்பாங்கை இராமையா உரத்த குரலின்றி வெளிக்கொணர்கின்றார். குறைவாகப் பறித்தால் சோம்பேறி. நிறையப் பறித்தால் ஏதோ சூது நிகழ்ந்திருக்க வேண்டும். இவ்விரு தீர்ப்புகளுக்கிடையில் அவளது உழைப்பு இயல்பானதாக ஏற்கப்படும் இடமே இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை முதல் தெளிவத்தை ஜோசப் வரையிலான எழுத்தாளர் பலரும், வெவ்வேறு நோக்குநிலைகளிலிருந்து, அளப்பவனுக்கும் அளக்கப்படுபவனுக்கும் இடையிலான இந்த உறவையே திரும்பத் திரும்ப அணுகியுள்ளனர்.

இக்கதையை நாம் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். அதன் யதார்த்தப் பண்பை விதந்துரைக்கின்றோம். பின்னர், எதிர்பாராத வகையில் சிறப்பாக எழுதப்பட்ட ஒரு விடைத்தாளைக் கண்டதும், "இதை எங்கே பார்த்து எழுதியிருப்பாள்?" என்று ஆசிரியர் அறையில் வினவுகின்றோம். இராமையாவின் கதை எங்கே நிகழ்கின்றது என்பதை அப்போது நாம் மறந்துவிடுகின்றோம்.

3

தராதரம் என்னும் சொல் இந்நாட்டுக் கல்விமொழியில் அதிகாரபூர்வமான இடம் பெற்றது. கல்விப் பொதுத் தராதரப் பத்திரத்தைப் பெற்றோரே பல்கலைக்கழக வாயிலை அணுக முடியும். அவ்வாயிலை நோக்கிய பாதை தோட்டப் பிள்ளைகளுக்கு எவ்வாறு அமைந்தது என்பதைச் சுருக்கமாகவேனும் நினைவிற்கொள்ள வேண்டும்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனுக்குப் புறம்பாகவே நின்றன. அவை தோட்ட நிர்வாகத்தின் கையிலிருந்தன. பெரும்பாலானவை ஓராசிரியர் பள்ளிகள். ஐந்தாம் வகுப்புக்கு அப்பால் செல்லாதவை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1960-61 இல் தனியார் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற வேளையிலும் தோட்டப் பாடசாலைகள் விடப்பட்டன. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதன் பின்னர், 1977 முதற்கொண்டே அப்பாடசாலைகள் பெருமளவில் அரச அமைப்பினுள் வந்தன. நாட்டின் ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிடுமிடத்து, தோட்டப் பிள்ளை ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட கால இடைவெளியுடன் தொடக்கக் கோட்டுக்கு வந்தாள் என்பது இதன் பொருள்.

இதே காலப்பகுதியில்தான் பல்கலைக்கழக அனுமதியின் அளவுகோலும் மாறியது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் புகுத்தப்பட்டன. தரப்படுத்தல் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி யாழ்ப்பாணத்து மாணவர் இழந்ததைப் பற்றியதே. அவ்விழப்பு மெய்யானது, அதன் அரசியல் விளைவுகளை நாம் அறிவோம். எனினும் மலையகத்தை நோக்கி நின்று பார்க்கும்போது வேறொரு கேள்வி எழுகின்றது. மாவட்டத்தின் மக்கட்தொகையைக் கொண்டு இடங்கள் பகிரப்படும்போது, தோட்டத்து மக்களும் அத்தொகையில் எண்ணப்படுகின்றனர். ஆனால் அவ்விடங்களைப் பெறுவோர் அம்மாவட்டத்தில் கூடிய புள்ளி பெற்றோரே. அவர்கள் நகரத்து வசதியான பாடசாலையினராக இருப்பின் அதனைத் தடுக்கும் ஏற்பாடு எதுவுமில்லை. மாவட்டம் என்னும் அலகு மலையையும் சமவெளியையும் வேறுபடுத்துமேயன்றி, லயத்தையும் பங்களாவையும் வேறுபடுத்துவதில்லை. 2001 முதல் பயன்படுத்தப்படும் இசட் புள்ளியும் இத்தகையதே. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவரொருவர் எத்துணைத் தூரம் விலகி நிற்கின்றார் என்பதை அது நுட்பமாகக் கணிக்கும். அவர் எங்கிருந்து நடந்து வந்தார் என்பதைக் கணிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியரற்ற பாடசாலையின் மாணவர் கலைப்பிரிவைத் தெரிவு செய்யும்போது அதனைத் 'தெரிவு' எனப் பதிவேடுகள் குறிப்பிடுகின்றன.

இவை நமது அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை என நாம் கூறலாம். ஆனால் அனுமதி பெற்று வந்த மாணவர் நமது வகுப்பறையில் அமர்ந்த பின்னர் நிகழ்பவை நமது அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்லவா?

4

1875 இல் கோதாத் திட்டத்தின் மீது எழுதிய விமரிசனத்தில் மார்க்ஸ் ஆழமானதொரு கருத்தை முன்வைத்தார். சமமற்ற மனிதர்களை ஒரே அளவுகோலால் அளக்கும் சம உரிமை, உள்ளடக்கத்தில் சமமின்மைக்கான உரிமையே என்பது அதன் சாரம். உழைப்பை அளக்கும் முறை பற்றி எழுந்த இக்கருத்து, கற்றலை அளக்கும் முறைக்கும் முற்றாகப் பொருந்துவதாகும்.

வருகை விதியை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு எண்பது வீத வருகை இல்லாதோர் பரீட்சைக்குத் தோற்ற முடியாது என்னும் விதி நம் பல்கலைக்கழகங்களில் நன்கறியப்பட்டது. வடிவ அளவில் அது எல்லோருக்கும் ஒன்றே. இதற்கு இணையானதொரு விதியைத் தோட்டத்திலும் காணலாம். 2013 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தொழிலாளியின் நாட்சம்பளம் 620 ரூபா எனப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. விலைப் பங்கு 30 ரூபா. எஞ்சிய 140 ரூபா வருகைக் கொடுப்பனவு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து வீதம் வருகை தந்தோருக்கே அது உரியது. நோயுற்ற பிள்ளையைப் பார்க்க இரண்டொரு நாள் கூடுதலாக நின்ற தாய், வேலைக்குச் சென்ற நாட்களுக்குரிய கொடுப்பனவையும் சேர்த்தே இழந்தாள். அத்தாய் நோயுறும்போது விடுதியிலிருந்து வீடு செல்ல வேண்டியவள் மூத்த மகளாகிய மாணவி. பேராதனையிலிருந்து ஹட்டனுக்குப் புகையிரதம், அங்கிருந்து பேருந்து, பின்னர் தோட்டத்து வீதியில் நடை. ஒரு நாள் அலுவலுக்கு மூன்று நாட்கள் கழிகின்றன. தாயை எழுபத்தைந்து வீதம் தண்டித்த அதே தர்க்கம் மகளை எண்பது வீதம் தண்டிக்கின்றது. முன்னதைச் சுரண்டல் என்று கட்டுரை எழுதும் நாம் பின்னதை ஒழுங்கு என்கின்றோம்.

தாமதமாக ஒப்படைக்கப்படும் ஒப்படைக்குப் புள்ளி குறைத்தலும் இவ்வாறானதே. நாளொன்றுக்கு இத்தனை புள்ளி எனக் குறைக்கும்போது நாம் செய்வது 'கழிவு' வெட்டுதலன்றி வேறன்று. ஒப்படையின் அறிவுப்பெறுமானத்துக்கும் அது வந்துசேர்ந்த நாளுக்கும் தொடர்பில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் விரிவுரைகள் இணையவழியாக நிகழ்ந்த காலத்தில், கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை தேடி மேட்டுக்கு ஏறிய மாணவர் பற்றி நாம் அனைவரும் இரக்கத்தோடு பேசினோம். நோய்க்காலம் நீங்கியதும் இரக்கமும் நீங்கிற்று. மேடு மாத்திரம் அங்கேயே உள்ளது.

ஒரு வேறுபாட்டையும் இங்கே குறிப்பிடுதல் தகும். தோட்டத்தில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு, காலத்துக்கும் மலைக்கும் ஏற்ப மாறும். வறட்சிக் காலத்தில் அதனைக் குறைக்குமாறு தொழிலாளர் தலைவர்மூலம் வாதாடுவதுண்டு. அவ்வாதம் வெல்வதும் உண்டு. அளவு என்பது இயற்கை விதியன்று, மனிதர் செய்த ஏற்பாடு. எனவே பேசித் திருத்தத்தக்கது என்பதைத் தொழிலாளர் தம் அனுபவத்தாற் கற்றுள்ளனர். அவர்களின் பிள்ளைகளிடமோ, புள்ளித்திட்டம் வானத்திலிருந்து இறங்கியது போன்ற மயக்கத்தை நாம் வளர்க்கின்றோம்.

5

இனி, நமது துறைக்கே உரிய பிரச்சினைக்கு வருவோம். அது மொழி பற்றியது.

1960களில் ஈழத்துத் தமிழிலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை இவ்விதழின் வாசகர் அறிவர். சிறுகதையிலும் நாவலிலும் உழைக்கும் மக்களின் பேச்சுவழக்கு இடம்பெற்றபோது, அதனை 'இழிசனர் வழக்கு' எனப் பண்டித மரபினர் பழித்தனர். முற்போக்கு அணி அதனை உறுதியுடன் எதிர்த்தது. கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் அப்போராட்டத்திற்குக் கோட்பாட்டு வலிமை சேர்த்தனர். வழக்குச்சொல் மக்களின் வாழ்வைத் தாங்கி நிற்பது என்னும் கருத்து வென்றது. கங்காணி, பிரட்டு, கவ்வாத்து, லயம், தவறணை முதலான சொற்கள் இலக்கியத்துள் தலைநிமிர்ந்து நுழைந்தன.

ஆயினும் அவ்வெற்றி படைப்பிலக்கியத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. கதாபாத்திரம் பேசினால் மண்வாசனை. மாணவி எழுதினால் வழு. பிரட்டு என்னும் சொல்லை நாவலில் கண்டு அடிக்குறிப்பு எழுதும் ஆய்வாளரே, விடைத்தாளில் அதே சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிடுகின்றார். நாம் முறியடித்ததாகக் கருதிய பண்டித மனப்பான்மை பரீட்சைக் கூடத்தில் பத்திரமாக வாழ்ந்து வருகின்றது.

இவ்விடத்தில் சுயவிமரிசனமாக ஒன்றைக் கூறுதல் கடமையாகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் மதிப்பிட்ட விடைத்தாள்களுள் குறிஞ்சித்திணையின் முதற்பொருளும் கருப்பொருளும் பற்றிய வினாவுக்கு எழுதப்பட்ட விடையொன்று இருந்தது. மலையும் மலைசார்ந்த இடமும், கூதிரும் முன்பனியும், யாமம் என முறைப்படி தொடங்கிய அவ்விடை இரண்டாம் பக்கத்தில் திசை மாறியது. தினைப்புனம் காக்கும் பெண் பகலெல்லாம் பரணில் இருந்தாள்; அவள் காத்தது தன் குடிக்குரிய தினை. எங்கள் மலையில் பெண்கள் காலைப் பனியில் நிரையில் நிற்கின்றார்கள். அவர்கள் பறிப்பது அவர்கள் குடிக்காத தேயிலை. இரண்டும் மலைதான், ஆனால் ஒரே திணையா என்னும் பொருள்பட அம்மாணவி வினவியிருந்தார். 'நிரை', 'தொங்கல்' முதலான தோட்டச் சொற்களும் இரண்டொரு சந்திப்பிழைகளும் அப்பக்கத்தில் இருந்தன. நாம் ஓரத்தில் 'வினாவுக்குப் புறம்பு' என எழுதி, சித்தியடைவதற்குச் சற்று மேலான புள்ளியை வழங்கினோம்.

கா. சிவத்தம்பி 1974 இல் திணைக்கோட்பாடு பற்றி எழுதிய ஆங்கில ஆய்வு, திணைகளைப் பண்டைத் தமிழகத்தின் சமனற்ற சமூக வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கியது. அவ்வாய்வை நாம் வகுப்பில் விதந்து கற்பித்திருந்தோம். அம்மாணவி செய்தது யாது? நிலத்தை அதன் உற்பத்தி உறவோடு இணைத்து நோக்கியமையே. வேட்டையும் புனச்செய்கையும் நிலவிய மலைக்கும், 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதிலிருந்து உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்ட மலைக்கும் இடையிலான வேறுபாட்டை அவர் தம் தாயின் உழைப்பிலிருந்து கண்டறிந்தார். கற்பித்த முறையியலைக் கற்றவர் பிரயோகித்தபோது, கற்பித்தவர் அதனை இனங்காணவில்லை. முறையியலை மேற்கோளாகத் திருப்பி ஒப்புவித்த விடைகளுக்கு நாம் கூடிய புள்ளி வழங்கினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இஃது எமது கவனக்குறைவு மாத்திரமன்று. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியுவும் பாசெரோனும் விளக்கியவாறு, கல்வி நிறுவனம் தான் கற்பிக்காத ஒன்றையே தேர்வில் கோருகின்றது. இன்ன நடையில், இன்ன ஒழுங்கில், இன்ன தொனியில் எழுத வேண்டும் என்பது படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றது. மற்றவருக்கு அது ஒருபோதும் சொல்லப்படாத விதி. சொல்லப்படாத விதியை மீறியதற்கான தண்டனை மாத்திரம் தவறாது வந்துசேரும்.

6

அவ்வாறாயின் மலையக மாணவருக்கு எளிய அளவுகோல் ஒன்றை வைத்துவிடலாமா? இவ்வாறு கூறும் நல்லெண்ணம் படைத்தோர் உளர். 'பாவம், தோட்டத்துப் பிள்ளை' என இரங்கிப் புள்ளி வழங்குவோரையும் நாம் அறிவோம். இதனை நாம் முற்றாக நிராகரிக்கின்றோம். இரக்கத்தால் வழங்கப்படும் புள்ளி அவமதிப்பின் மறுவடிவமே. அது மாணவரின் கையில் பட்டத்தைக் கொடுத்து அறிவைக் கொடாது விடுகின்றது. அப்பட்டத்தோடு அவர் தொழிற்சந்தையில் நிற்கும்போது, சலுகையை வழங்கிய கை அங்கிராது.

உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியை இலகுபடுத்துவதாகக் கூறி அதன் உள்ளீட்டைக் குறைப்பது ஆளும் வர்க்கத்துக்கே உதவும் என்பதைக் கிராம்சி எடுத்துக்காட்டினார். கற்றலும் ஒரு உழைப்பு. அதற்குத் தசைக்கும் நரம்புக்குமுரிய பயிற்சி வேண்டும் என்பது அவர் கருத்து. எழுத்துத் தமிழின் இலக்கணம் மலையக மாணவருக்கும் உரிய சொத்து. அதனை அவர் முழுமையாகக் கைப்பற்ற வேண்டும். சந்திப்பிழை பிழையே, அதனைப் பிழையெனக் காட்டாது விடுவது ஜனநாயகமன்று. ஆனால் பிழையும் வழக்கும் ஒன்றல்ல. இலக்கணம் மீறப்பட்ட இடத்தைத் திருத்துவது ஆசிரியர் கடமை. வேறொரு வாழ்வின் சொல் இடம்பெற்ற இடத்தை அழிப்பது ஆதிக்கம். இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தெரியாத மதிப்பீட்டாளர், மொழியியல் கற்றும் கல்லாதவரே.

ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் முதலான ஆசிரியர்கள் 1960களில் உருவாக்கிய தலைமுறை இதற்குச் சான்றாகும். அவர்கள் மாணவரிடம் குறைவாக எதிர்பார்க்கவில்லை, நிறைய எதிர்பார்த்தார்கள். ஆனால் எதிர்பார்ப்பதற்கு முன்னர் கற்பித்தார்கள். தம் சமூகத்தைப் பற்றி வெட்கமின்றிச் சிந்திக்கும் துணிவையும் ஊட்டினார்கள். மலையக இலக்கியத்திலும் தொழிற்சங்கத்திலும் ஆசிரியத்துவத்திலும் பின்னர் வெளிப்பட்ட ஆற்றலுக்கு அத்தகைய வகுப்பறைகளும் காரணமாயின.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகளை வகுக்கலாம்.

முதலாவதாக, அளவுகோல் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். விடையொன்றில் சிந்தனைக்கு எத்துணை, ஆதாரத்துக்கு எத்துணை, மொழித்திருத்தத்துக்கு எத்துணை என்பதைப் பாடநெறியின் தொடக்கத்திலேயே எழுத்தில் வழங்க வேண்டும். சிறந்த விடை ஒன்றையும் குறையுடைய விடை ஒன்றையும் வகுப்பில் வைத்து ஆராய வேண்டும்.

இரண்டாவதாக, தொடர் மதிப்பீட்டுக்குரிய ஒப்படைகள் குறிப்புரையோடு மாணவரிடம் மீள வேண்டும். திருத்தி எழுதும் வாய்ப்பு ஒருமுறையேனும் அளிக்கப்பட வேண்டும். திருத்த இடமளிக்காத மதிப்பீடு தரம் பிரிக்கும், கற்பிக்காது. தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலித்துத் தரம் பிரிப்பது பொருந்தும். அங்கே தூள் வளர்வதில்லை.

மூன்றாவதாக, முதலாம் ஆண்டிலேயே ஆய்வுநிலை எழுத்துப் பயிற்சி எல்லோருக்கும் பொதுவாக வழங்கப்பட வேண்டும். அது மலையக மாணவருக்கான 'விசேட வகுப்பு' ஆகிவிடலாகாது. பிரித்து வைத்து உதவுதல் பிரித்து வைத்தலாகவே முடியும்.

நான்காவதாக, வருகையும் காலக்கெடுவும் பற்றிய விதிகள் காரணத்தை ஆராயும் ஏற்பாட்டோடு இணைய வேண்டும். விதியைத் தளர்த்துவதா என்பதை ஒரு தனி விரிவுரையாளரின் தயவுக்கு விடாது, மாணவர் பிரதிநிதியும் அமரும் குழுவொன்று தீர்மானித்தல் நன்று. தயவு உரிமையாக மாறும் இடம் அதுவே.

ஐந்தாவதாக, மலையக மாணவர் தம்மோடு கொண்டுவரும் அறிவு பாடத்திட்டத்தில் ஆதாரமாக ஏற்கப்பட வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை 1983 இல் வெளியிட்ட மலைநாட்டு மக்கள் பாடல்களின் தொகுப்பு, நாட்டாரியலுக்கு மாத்திரமன்றி மொழிவரலாற்றுக்கும் சமூகவரலாற்றுக்கும் மூலமாகும். காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்த மாணவர் அரங்கியல் வகுப்பில் வெறுங்கையோடு அமர்ந்திருப்பவர் அல்லர்.

இவை புரட்சிகரமான மாற்றங்கள் அல்ல. வகுப்பறைச் சீர்திருத்தம் லயத்தை வீடாக்காது. நாட்கூலியை வாழ்க்கைக்குப் போதிய ஊதியமாக்காது. அடித்தளம் மாறாது மேற்கோப்பின் ஒரு மூலையைத் திருத்துவதால் மாத்திரம் விடுதலை வந்துவிடும் என நாம் கருதவில்லை. ஆனால் அடித்தளம் மாறும்வரை நமது கையிலுள்ள தராசைப் பிழையாகப் பிடித்துக்கொண்டிருக்க அது நியாயமாகாது. தராசு நமது கையிலேயே உள்ளது. அதனைப் பிறர்மீது சுமத்த இயலாது.

குறிஞ்சி பற்றி எழுதிய அம்மாணவி சாதாரணப் பட்டம் பெற்று வெளியேறினார். சிறப்புக்கற்கைக்குத் தமிழைத் தெரிவு செய்யுமளவு புள்ளி அவருக்கு இருக்கவில்லை. அக்குறைவுக்கு நாம் வழங்கிய புள்ளியும் ஒரு காரணம். அவரது வினா மாத்திரம் இன்னும் விடையின்றி நிற்கின்றது. இரண்டும் மலைதான், ஒரே திணையா? அவ்வினாவை ஆய்வாக விரித்தெழுத வேண்டியவரை நாம் அரைப்பேர் போட்டு அனுப்பினோம். அடுத்த விடைத்தாட் கட்டை அவிழ்க்கும் முன்னர் நாம் ஒவ்வொருவரும் நினைவிற்கொள்ள வேண்டியது இதுவேயாகும்.